வரும் குழாயும் போகும் குழாயும்

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களிலும் கைத்தொழில் வலயங்களை அமைப்பது பற்றிய அறிவிப்புகள் அண்மைக் காலமாகத் தொடர்ந்து வெளிவந்துகொண்டிருக்கின்றன. வடக்கில் பிறந்து வளர்ந்த எவரும் இதனை வெறுக்க மாட்டார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இயங்கிய காலத்தில் எத்தனை குடும்பங்கள் அவற்றை நம்பித் தலைநிமிர்ந்து வாழ்ந்தன என்பதை எங்கள் தலைமுறையினர் நன்கறிவர். பல்கலைக்கழகப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்கும் இன்றைய இளைஞனுக்கு ஊரிலேயே ஒரு தொழில் கிடைக்குமாயின் அதனை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆயினும் இந்த அறிவிப்புகளில் காணியின் பரப்பைக் கூறுகிறார்கள், எதிர்பார்க்கப்படும் முதலீட்டைக் கூறுகிறார்கள், வேலைவாய்ப்புகளைக் கூறுகிறார்கள். நான் தேடுவதோ இரண்டு குழாய்களை. தொழிற்சாலைக்குள் நீரைக் கொண்டுவரும் குழாய் எங்கிருந்து வரப்போகிறது? பயன்படுத்திய நீரை வெளியே கொண்டுசெல்லும் குழாய் எங்கே போகப்போகிறது? முதலாவது கேள்விக்கு ஏதோ ஒரு பதிலாவது கிடைக்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்பாரே இல்லை.

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலத்தைக் கழித்தவன் என்ற வகையில் நீர்வழங்கல் திட்டங்களின் திறப்பு விழாக்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அமைச்சர் குழாயைத் திறப்பார். கண்ணாடிக் குவளையில் நீரைப் பிடித்து அருந்துவார். புகைப்படக் கருவிகள் மின்னும். கழிவுநீர்க் குழாயொன்றின் முன்னால் நாடா வெட்டிய அமைச்சரை நான் கண்டது மிக அரிது. அங்கே அருந்திக் காட்ட எதுவுமில்லை. 1975ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட சபைக்கு நாம் இட்ட பெயர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்பதாகும். பெயரில் இரண்டு கடமைகள் இருக்கின்றன. முதற் கடமையில் அது பெருமளவு முன்னேறியிருக்கிறது. நாட்டு மக்களில் அரைவாசிக்கு மேற்பட்டோருக்கு இன்று குழாய் நீர் கிடைக்கிறது. இரண்டாவது கடமையிலோ, நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியுடன் இணைக்கப்பட்டவர்கள் மொத்தச் சனத்தொகையில் சுமார் 2 சதவீதத்தினர் மாத்திரமே. கொழும்பு நகரின் பிரதான கழிவுநீர்க் குழாய்கள் வெள்ளையர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் புதைக்கப்பட்டவை. யாழ்ப்பாண நகருக்கோ அவ்வாறானதொரு தொகுதி இன்றுவரை இல்லை.

நகரத்துக் குடிமனைகளுக்கே இல்லாத ஒன்றைக் கைத்தொழில் வலயத்திற்குக் கேட்பது பேராசையல்லவா என்று சிலர் வினவக்கூடும். பேராசையல்ல. கைத்தொழில் வலயத்திற்குத்தான் அது முதலில் வேண்டும். இதற்கான காரணத்தைத் தெற்கிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை, மொறட்டுவைப் பிரதேசத்தில் சுதந்திரத்திற்குப் பின்னர் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றின் கழிவுநீர் வாய்க்கால்கள் வழியாக ஓடிக் கடற்கரையோரத்திலுள்ள லுணாவ ஏரியைச் சென்றடைந்தது. ஒரு காலத்தில் மீனவர்களுக்குச் சோறு போட்ட அந்த ஏரியில் 1990களாகும்போது மீன்பிடித் தொழில் அழிந்துபோயிருந்தது. கொழும்புக்கு வடக்கே ஜா-எல, ஏக்கலக் கைத்தொழிற் பிரதேசத்திலும் இதே கதைதான். அங்கிருந்த தொழிற்சாலைகள் தத்தம் வசதிப்படி கழிவுநீரை வெளியேற்றின. பின்னர் சுவீடன் நாட்டின் உதவியுடன் இவ்விரு பிரதேசங்களுக்கும் பொதுக் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் அமைக்கப்பட்டு 2010களிலேயே இயங்கத் தொடங்கின. தொழிற்சாலைகள் வந்து பல தசாப்தங்கள் கழிந்த பின்னர்தான் கழிவுநீர்க் குழாய் வந்தது. இடைப்பட்ட காலத்தின் செலவை அந்த ஏரியும் அதனை நம்பியிருந்த மீனவர்களும் செலுத்தினார்கள். நெருக்கமாக வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்ட வீதிகளைத் தோண்டிக் குழாய் புதைப்பது வெற்று நிலத்தில் புதைப்பதைவிடப் பன்மடங்கு செலவும் தொல்லையும் தருவது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, கட்டுநாயக்க, பியகம ஆகிய சுதந்திர வர்த்தக வலயங்களில் நீர்வழங்கலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வலயத்தின் பொது வசதிகளாகவே அமைக்கப்பட்டன. அங்கும் குறைகள் இல்லாமலில்லை. ஆனால், சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பதற்காக எந்த முதலீட்டாளரும் ஓடிப்போகவில்லை. கழிவுநீரை என்ன செய்வது என்ற தலைவலி தமக்கில்லை என்பது முதலீட்டாளருக்கு ஒரு வசதியே தவிரச் சுமையல்ல. 'சுற்றாடல் பேசினால் முதலீடு வராது' என்று வாதிடுவோர் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

பியகமவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழும்பு நகருக்குக் குடிநீர் தரும் அம்பத்தலை நிலையம் களனி கங்கையிலிருந்து நீரை எடுக்கிறது. 2015 ஆகஸ்ட் மாதத்தில் பியகமப் பகுதியிலுள்ள குளிர்பான ஆலையொன்றிலிருந்து கசிந்த டீசல் களனி கங்கையில் கலந்தது. கொழும்பின் நீர் விநியோகம் பாதிக்கப்பட்டது. ஆலையின் சுற்றாடல் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. தலைநகரின் குடிநீர் என்பதால் எல்லாம் விரைவாக நடந்தன. கங்கை ஓடிக்கொண்டேயிருப்பதால் டீசலும் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அதிர்ஷ்டம் வலிகாமத்திற்கு இல்லை. எங்களிடம் கங்கை இல்லை. எங்கள் ஆறு நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் வந்து மிதந்தது என்று எங்கள் பாட்டிமார் கதை சொல்வார்கள். எலுமிச்சம்பழம் மிதந்ததோ இல்லையோ, கதையின் உள்ளடக்கம் நிலவியல் உண்மைக்குப் புறம்பானதல்ல. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. அக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்திருக்கின்றன. மழைநீர் அவற்றின் ஊடாக இறங்கிக் கடல்நீரின் மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. அந்த வில்லைதான் குடாநாட்டின் உயிர். மணல் நிலத்தில் கழிவு மெதுவாக வடிகட்டப்பட்டு இறங்கும். வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புக்கல்லில் வடிகட்டலுக்கு நேரமே இல்லை. ஒருவர் வளவில் ஊற்றியது அடுத்தவர் கிணற்றில் வந்து நிற்கும். பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி வருகின்றனர். தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் கிணற்றுக்கு அருகிலேயே வெட்டப்படும் மலக்குழிகளும் இதற்கான பிரதான காரணங்கள். தொழிற்சாலை எதுவும் இல்லாத நிலையிலேயே எங்கள் நிலத்தடி நீரின் கணக்கு இப்படி இருக்கிறது.

தொழிற்சாலை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நாங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. சுன்னாகம் இருக்கிறது. அங்கு அமைந்திருந்த தனியார் அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் போராட்டமாக வெடித்தது. வாளி வாளியாக எண்ணெய்ப்படலம் மிதந்த நீரை மக்கள் அள்ளிக் காட்டினார்கள். ஆய்வறிக்கைகள் ஒன்றையொன்று மறுத்தன. மக்கள் பவுசர் வரும் வரை குடங்களுடன் வீதியில் காத்து நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் வழங்கப்பட்ட தீர்ப்பில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு அந்நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. ஒருவருக்கு அதிகபட்சமாக 40,000 ரூபா என்ற வகையில் அது பகிரப்பட வேண்டியிருந்தது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டிய முக்கியமான தீர்ப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆனால், தலைமுறை தலைமுறையாக நீர் தந்த கிணற்றை 40,000 ரூபாவுக்கு எவரும் திரும்ப வாங்க முடியாது.

இது தமிழர் பிரதேசம் என்பதால் நடந்த புறக்கணிப்பு என்று மாத்திரம் இதனைச் சுருக்கிவிடவும் கூடாது. கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரிய, ரத்துபஸ்வலப் பகுதியில், கையுறைத் தொழிற்சாலையொன்றின் கழிவினால் தமது கிணற்று நீர் கெட்டுவிட்டதாகச் சிங்களக் கிராமத்தவர்கள் முறையிட்டார்கள். தொழிற்சாலைத் தரப்பு அதனை மறுத்தது. சுத்தமான குடிநீர் கேட்டு வீதியில் இறங்கியவர்கள் மீது 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி இராணுவம் சுட்டது, மூவர் உயிரிழந்தனர். அத்தொழிற்சாலை பின்னர் அவ்விடத்தை விட்டு வெளியேறியது. நீர் எதனால் கெட்டது என்ற விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஓர் உண்மையை மறுக்க முடியாது. தொழிற்சாலை இருந்த ஊரில் மக்கள் இன்னமும் கிணற்றையே நம்பியிருந்தார்கள். அந்தக் கிணற்றுக்கும் தொழிற்சாலையின் கழிவுக்கும் இடையே மண்ணைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. குழாய் நீரும் கழிவுநீர்க் குழாயும் உரிய காலத்தில் வந்திருந்தால், இராணுவத்தை அனுப்ப வேண்டிய தேவை எழுந்திருக்குமா?

இனி, நீரைக் கொண்டுவரும் குழாயின் நிலையைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திற்கு இரணைமடுவிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. மறுபோகத்திற்கே நீர் போதாதபோது குழாயில் ஏற்றி அனுப்ப எங்கே நீர் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குப் பதிலாக வடமராட்சி கிழக்கில், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை உற்பத்தி செய்யக்கூடியது அது. கடல்நீரை நன்னீராக்க ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவைப்படுவது உலக வழக்கம். அப்படியாயின் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது மின்சாரத்தைக் கரைத்த நீர் எனலாம்.

வழங்கப்படும் நீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக மாறும் என்பது பொறியியலாளர்கள் பொதுவாகக் கையாளும் கணக்கு. அதன்படி தாளையடி நிலையம் முழு அளவில் இயங்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 19,000 கன மீற்றர் கழிவுநீர் உருவாகும். கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊரில் அது மலக்குழிக்குள்ளும் வளவுக்குள்ளும் போகும்; அதாவது அந்தச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் போகும். முன்னரும் கிணற்று நீரை அள்ளிப் பாவித்து அங்கேதான் ஊற்றினோம் என்பது மெய்யே. ஆனால், துலாவிலும் வாளியிலும் அள்ளியபோது நீரை அளந்து பாவித்தோம். குழாய் வந்தால் பாவனை கூடும், கழிவும் கூடும். இத்தனை செலவில் கடலிலிருந்து எடுத்த நீரை ஒரு தடவை பாவித்துவிட்டு, அதைக்கொண்டே இருக்கும் நன்னீரைக் கெடுப்பது எந்தப் பொருளாதாரம்? இதன் மேல் கைத்தொழில் வலயங்களையும் ஏற்றி வைத்தால் எங்கே போய் முடியும்?

தமிழகத்தில் இதற்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று திருப்பூர். பின்னலாடைத் தொழிலுக்கென 2000களின் நடுப்பகுதியில் காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடியே 50 இலட்சம் லீற்றர் நீரைக் கொண்டுவரும் பெருந்திட்டம் நிறைவேறியது. வரும் குழாய் வந்துவிட்டது. போகும் நீரின் கதையோ வேறு. சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் ஓடியது. விவசாயத்திற்காக 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. அணைநீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை ஏற்பட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன, தொழிலாளர் வேலையிழந்தனர். கழிவுநீரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இறுதியில் வேலைவாய்ப்பையும் விழுங்கியது.

மற்றையது சென்னை. அந்நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கைத்தொழிலுக்கு வழங்கும் இரண்டு நிலையங்கள் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லீற்றர் கொள்ளளவு கொண்டது. மணலி, ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கு அந்நீர் செல்கிறது. சிங்கப்பூர் இதனை 2003 முதல் செய்து வருகிறது. தொழிற்சாலைக்குக் குடிநீர் தேவையில்லை. அதன் வேலைக்கேற்ற சுத்தமான நீரே தேவை. நகரத்தின் கழிவுநீர் கைத்தொழிலின் மூலவளமாகலாம். ஆனால், கழிவுநீரை ஒன்றுசேர்க்கும் குழாய் உள்ள ஊருக்குத்தான் அந்த வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு வளவிலும் தனித்தனிக் குழியில் தேங்கியிருக்கும் கழிவுநீரை எவராலும் மீட்க முடியாது. எனவே யாழ்ப்பாணத்தில் கழிவுநீர்க் குழாய் என்பது துப்புரவுப் பிரச்சினை மாத்திரமன்று. அது இரண்டாவது குளமும் ஆகும். இரணைமடு விவசாயியுடன் சண்டையிடாமல் கைத்தொழிலுக்கு நீர் தேடுவதற்கான மிகச் சிறந்த வழியும் அதுவே.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். முதலாவது, கழிவுநீர்க் குழாயும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் இயங்கத் தொடங்கும் வரை, நீரை அதிகம் பாவித்து நச்சுக்கழிவை வெளியேற்றும் எந்தத் தொழிலுக்கும் காணி வழங்கக்கூடாது. சாயமிடல், தோல் பதனிடல், மின்கல உற்பத்தி, உலோகப் பூச்சு என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. தையல், பொதியிடல், களஞ்சியம், கணினிசார் தொழில்கள் போன்றவற்றை அதுவரை காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்களுக்கு வேலை இன்றே வேண்டும் என்ற நியாயமான குரலுக்கு இதுவே பொருத்தமான பதில்.

இரண்டாவது, குழாய்கள் வலயத்தின் வேலியோடு நின்றுவிடக்கூடாது. சுற்றியுள்ள கிராமங்களுக்கும் இரண்டு குழாய்களும் செல்ல வேண்டும். 1990இல் வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின்னர் இடிந்த வீட்டைத் திருத்தி, தூர்ந்த கிணற்றை இறைத்துக் குடியேறிய மக்கள் வலிகாமம் வடக்கில் இருக்கிறார்கள். வேலிக்கு உள்ளே சுத்திகரித்த நீரும் வேலிக்கு வெளியே சந்தேகத்துக்குரிய கிணறும் என்ற நிலை அவர்களுக்கு ஏற்படுமாயின், அது இரண்டாவது இடப்பெயர்வுக்கு ஒப்பாகும்.

மூன்றாவது, ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் கழிவைப் பொதுக் குழாயில் விடுமுன் தானே முதற்கட்டமாகச் சுத்திகரிக்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது நுண்ணுயிர்கள். அமிலமும் பார உலோகங்களும் சென்றால் அவை மடிந்துவிடும். பின்னர் நிலையம் பெயருக்கு மாத்திரமே இயங்கும். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் கீழான சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் இதற்குப் போதுமான அதிகாரத்தைத் தருகின்றன. குறை சட்டத்தில் இல்லை. பரிசோதிக்கும் கையில்தான் இருக்கிறது.

நான்காவது, முதற் கல் நாட்டப்படுமுன் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து, முடிவுகளைப் பிரதேச சபையின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். ஆண்டுதோறும் அதே கிணறுகளை மீண்டும் பரிசோதித்து ஒட்ட வேண்டும். நாளை ஒரு பிரச்சினை எழுந்தால், நீர் முன்னர் எப்படி இருந்தது என்ற வாதத்திலேயே ஆண்டுகள் கழியக்கூடாது. சுன்னாகம் கற்றுத் தந்த பாடம் அது.

செலவுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்விதான். வெளிநாட்டுக் கடனிலோ நன்கொடையிலோ அமைத்தாலும், இயக்கும் செலவை அந்நீரைப் பாவிக்கும் தொழிற்சாலைகளே கட்டணமாகச் செலுத்த வேண்டும். அவர்கள் செலுத்தாவிடில் அச்செலவு இல்லாமல் போய்விடாது. அது சிறுநீரகத்திலும் தோலிலும் பவுசர் வரிசையிலும் நீதிமன்றப் படியிலும் பிரிந்து மக்களின் கணக்கில் எழுதப்படும்.

ஒரு காலத்தில் பரந்தன் தொழிற்சாலையில் உற்பத்தியான குளோரின் இந்நாட்டின் குடிநீரைச் சுத்திகரிக்கப் பயன்பட்டது. ஊரார் குடிக்கும் நீரைச் சுத்தமாக்கிய ஒரு கைத்தொழில் மரபு வன்னி மண்ணுக்கு உண்டு. அந்த மண்ணில் மீண்டும் தொழிற்சாலைகள் எழ வேண்டும் என்பதே என் விருப்பமும். புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களில் பலர் இவ்வலயங்களில் முதலிடும் எண்ணத்துடன் இருப்பதாக அறிகிறேன். அவர்கள் வாழும் நாடுகளில் கழிவுநீர் இணைப்பு இல்லாத காணியில் தொழிற்சாலை அமைக்க எந்த மாநகராட்சியும் அவர்களை எளிதில் அனுமதிக்காது. அங்கே கட்டாயமாக ஏற்றுக்கொண்டதை இங்கே தாமாகவே கேட்டால் போதும். காணியின் விலையையும் வரிச்சலுகையையும் விசாரிக்கும்போது, போகும் குழாய் எங்கே என்றும் ஒரு தடவை விசாரியுங்கள். ஊரில் உங்கள் உறவினர் இன்னமும் கிணற்று நீரைத்தான் குடிக்கிறார்கள்.